காரணம் எழுதுங்கள்: ஒன்பது நீதிபதிகளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின் திறந்த மடல்

அக்டோபர் 2025

மாண்புமிகு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அவர்களுக்கும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மற்ற எட்டு நீதிபதிகளுக்கும்:

நான் நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பதினான்கு ஆண்டுகளாகக் குடிவரவு நீதிமன்றங்களிலும் வக்கீல் அலுவலகங்களிலும் தடுப்பு முகாம்களின் தொலைபேசியிலும் நீதிபதி சொல்வதைத் தமிழிலும், எதிரே நிற்பவர் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லிவருகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் வலது கையை உயர்த்தி உறுதி சொல்கிறேன். இந்த ஆண்டு நீங்கள் பிறப்பித்த உத்தரவுகள் சிலவற்றில் காரணமே எழுதவில்லை; கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுவது தெரிந்தேதான். பதினான்கு வருடம் உங்கள் மொழியை நான் இங்கே சுமந்து வந்தேன். ஒருமுறை நீங்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்ளலாம். கூலி நியாயமாகத்தான் இருக்கும்.

கடந்த ஜூலையில், ஒரு வக்கீலின் அறை. ஆளையும் ஊரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். என் தொழிலின் ஒழுக்கம் அப்படி. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். எனக்கு அண்ணன் வயது, நானும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கி இப்போது அந்தச் சமையலறையையே நடத்துகிறார். இவருக்குத் தஞ்சம் கிடைக்கவில்லை. 'வித்ஹோல்டிங்' கிடைத்தது. அதாவது, இலங்கைக்கு அனுப்பினால் இவர் உயிருக்கு ஆபத்து என்று ஒரு நீதிபதி சாட்சியம் கேட்டு, ஆவணம் பார்த்து, முடிவு செய்திருக்கிறார். கிரீன் கார்டு கிடையாது, மனைவியைக் கூப்பிட முடியாது, வருடா வருடம் போய் ஆஜராக வேண்டும். ஆனால் இலங்கைக்கு அனுப்ப முடியாது.

சட்டத்தில் ஒரு சந்து உண்டு. இலங்கைக்குத்தான் அனுப்பக்கூடாது, வேறு ஒரு நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பலாம். முன்பெல்லாம் அது அபூர்வமாகத்தான் நடந்தது. இந்த ஆண்டு அது கொள்கையானது. பாஸ்டனில் மாவட்ட நீதிபதி பிரையன் மர்ஃபி குறுக்கே நின்றார். மூன்றாவது நாடொன்றுக்கு அனுப்புவதற்கு முன் எந்த நாடு என்று அந்த மனிதருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும், அங்கே போகப் பயமென்றால் அதைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றார். புரியும் மொழியில் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எங்கள் ஆட்களை ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று.

ஜூன் 23ஆம் தேதி நீங்கள் அதை நிறுத்திவைத்தீர்கள்.

வக்கீல் இதை விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். தமிழில் சொல்வதே ஒரு கூத்து. கீழ் நீதிமன்றம் போட்டது ஒரு தடை, நீங்கள் போட்டது அந்தத் தடைக்கு ஒரு தடை. முகம் சுளிக்காமல் கேட்டவர் ஒரே கேள்வி கேட்டார்.

"ஏனாம் தங்கச்சி?"

கேள்வியை ஆங்கிலத்தில் வைத்தேன். வக்கீல் கையை விரித்தார். "காரணம் சொல்லவில்லை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கள் ஏதோ விட்டுட்டுச் சொல்லுறியள் போல கிடக்கு. வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ."

பதினான்கு ஆண்டில் என் உச்சரிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு, 'ஓம்' என்றால் ஆமாம் என்று தெரியாத திருநெல்வேலிக்காரியா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. வக்கீல் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். உத்தரவு ஒரு சின்னப் பத்தி. அதன் கீழே, சம்மதிக்காத மூன்று பேருக்காக நீதிபதி சோட்டோமயோர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அரசு கீழ் நீதிமன்ற ஆணையை மீறியிருக்கிறது, நீங்கள் அந்த மீறலுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள் என்று. அண்ணன் அந்தப் பத்தியின் மேல் விரலை ஓட்டினார்.

"இவ்வளவுதானோ? எங்கட ஊரிலை ஆமி பிடிச்சால் காரணம் சொல்லுறேல்லை. அதுக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள்."

இதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். வக்கீல் பதில் சொல்லவில்லை.

நீதிபதிகளே, எனக்கு எதிராகத் தீர்ப்பு வருவது எனக்குப் புதிதில்லை. எங்கள் சனத்துக்கும் புதிதில்லை. விஜயகுமார் துரைசிங்கம் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கைத் தமிழர். 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். ஆட்கள் தன்னைக் கடத்திப்போய் அடித்தார்கள் என்றார். யார், எதற்கு என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். ஆட்களைக் கடத்திப்போக வரும் வெள்ளை வான், அந்த இரண்டு சொல் போதும், எங்கள் ஆட்களுக்கு அந்தத் 'தெரியாது' புரிந்துவிடும். அதிகாரி அவர் கதையை நம்பினார், ஆனால் சட்டம் கேட்கும் அச்சம் அது இல்லை என்று தள்ளிவிட்டார். அந்த முடிவை ஒரு நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டு வழக்கு உங்களிடம் வந்தது. 2020 ஜூன் 25 அன்று ஏழுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தீர்கள்.

அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் எழுத்து இருந்தது. எல்லைக்கு உள்ளே கால் வைத்த உடனே பிடிபட்டவர் வாசற்படியில் நிற்பவரைப் போலத்தான், அவருக்கு நாடாளுமன்றம் கொடுத்த அளவுதான் உரிமை என்று நீதிபதி அலிட்டோ எழுதினார். ஆட்கொணர்வு மனு என்பது காவலிலிருந்து விடு என்று கேட்பதற்கு, நாட்டில் இருக்கவிடு என்று கேட்பதற்கில்லை என்று எழுதினார். நீதிபதி சோட்டோமயோர், நீதிபதி கேகனோடு சேர்ந்து, ஒவ்வொரு வாதமாகப் பிரித்து மறுத்தார். நான் பணியாற்றிய வக்கீல்கள் அந்தத் தாள்களைக் கரைத்துக் குடித்தார்கள். முதல் நேர்காணல்தான் ஏறக்குறைய கடைசி நேர்காணல், யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று அதற்குப் பிறகு வந்தவர்களை எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைகளை மொழிபெயர்த்தவள் நான். துரைசிங்கத்தின் தோல்வி பின்னால் வந்தவர்களுக்கு ஒரு படிப்பினையையாவது விட்டுப்போனது. ஜூன் 23 உத்தரவிலிருந்து யார் என்ன படிப்பது?

உங்கள் நீதிமன்றத்தின் பழைய குப்பைகளைக்கூட எடுத்துப் பாருங்கள். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' ஆகமாட்டார்கள், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று ஒருமனதாகச் சொன்னீர்கள். வாங்கிய குடியுரிமையைப் பறிகொடுத்தவர்கள் பலர். எங்கள் முன்னோர்களுக்கு இதைவிடக் கொடிய தீர்ப்பு உங்கள் மன்றத்திலிருந்து வந்ததில்லை. சாதாரண மனிதனின் பேச்சு வழக்கில் வெள்ளையன் என்றால் யார் என்பதுதான் அளவுகோல் என்று நீதிபதி சதர்லேண்ட் எழுத்தில் வைத்தார். வைத்ததால்தான் அந்த அளவுகோல் எவ்வளவு கோணல் என்று உலகம் பார்த்தது. 1946இல் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. கொரேமட்சு வழக்கும் அப்படித்தான். 1944இல் ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றியது ராணுவத் தேவை என்று காரணம் எழுதினீர்கள். அந்தத் தேவைக்கு முரணான தகவல்களை அரசு உங்களிடமிருந்து மறைத்தது பின்னாளில் வெளியே வந்து, 1983இல் கொரேமட்சுவின் தண்டனையே ரத்தானது. 2018இல் தலைமை நீதிபதி அவர்களே, அந்தத் தீர்ப்பு சொன்ன நாளிலேயே மிகத் தவறானது என்று நீங்கள் எழுதினீர்கள். எழுதிய காரணம் பொய் என்றால் நாற்பது வருடம் கழித்தாவது பிடித்துவிடலாம். எழுதாத காரணத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

எங்கள் ஊர்ப்பக்கம் தாலுகா ஆபீசில் பட்டா மாற்றும் மனுவைத் தள்ளினால்கூட ஒரு வரி எழுதித்தான் தள்ளுவார்கள். அந்த வரி அபத்தமாகவும் இருக்கும். ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

இந்த நாட்டில் நான் குடியுரிமைத் தேர்வு எழுதியபோது உங்கள் பெயர் ஒரு விடை. உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள்? ஒன்பது. தலைமை நீதிபதி யார்? ஜான் ராபர்ட்ஸ். இன்னொரு கேள்வியும் உண்டு: நீதித்துறை என்ன செய்கிறது? அதற்கு ஏற்கப்படும் விடைகளில் ஒன்று, 'சட்டங்களை விளக்குகிறது'. அதைத்தான் மனப்பாடம் செய்தேன். மற்ற விடைகளைவிடச் சின்னதாக இருந்தது என்பது ஒரு காரணம். என் வேலையைப் போல இருந்தது என்பது இன்னொன்று.

34 கோடிப் பேர் வாழும் நாடு. நீங்கள் ஒன்பது பேர். இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் வீட்டுக்குப் போய்விடுவார். உங்களுக்கு ஓய்வு வயது கிடையாது. நீதிபதி தாமஸ் 1991 அக்டோபரில் வந்தவர். ஒரு பெண் கர்ப்பத்தைக் கலைக்கலாமா என்பதை 1973இல் நீங்கள் சொன்னீர்கள், 2022இல் நீங்களே மாற்றிச் சொன்னீர்கள். தேர்தலில் எவ்வளவு பணம் கொட்டலாம், யார் யாரைத் திருமணம் செய்யலாம், கல்லூரியில் யாரை எப்படிச் சேர்க்கலாம் எல்லாம் உங்கள் சொல்லில்தான் நிற்கிறது. இவ்வளவுக்கும் உங்களிடம் படை இல்லை, கஜானா இல்லை. எழுத்து ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நிறுத்திவிட்டால்?

ஜூன் 23 ஒன்று மட்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். மே 19இல் ஏறக்குறைய 3,50,000 வெனிசுவேலா நாட்டவரின் தற்காலிகப் பாதுகாப்பை எடுத்துவிட அரசுக்கு வழிவிட்டீர்கள், காரணம் இல்லை. மே 30இல் கியூபா, ஹைட்டி, நிகராகுவா, வெனிசுவேலா நாடுகளிலிருந்து அனுமதியோடு வந்த ஏறக்குறைய 5 லட்சம் பேர் விஷயத்திலும் அதே கதை. ஜூலை 14இல் கல்வித் துறையில் ஏறக்குறைய 1,400 பேரை வேலையிலிருந்து அனுப்பும் வழக்கிலும் அதே கதை. அவரவர் மொழிகளில் என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள், "சொல்லவில்லை, சொல்லவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் படித்திருக்கிறேன். நீதிபதி அலிட்டோ 2021இல் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, அவசர ஊர்தி ஊழியர்களிடமும் அவசர சிகிச்சைப் பிரிவிலும், சாவகாசமாகச் சிகிச்சை செய்யும் மருத்துவர் குழுவிடம் எதிர்பார்ப்பதை எதிர்பார்க்க முடியாது என்றார். ஐயா, நான் மருத்துவமனைகளிலும் மொழிபெயர்த்திருக்கிறேன். நடுராத்திரி இரண்டு மணிக்கு, ரத்தத்தோடு வந்தவருக்கும், என்ன கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று கேஸ் ஷீட்டில் எழுதாமல் எந்த டாக்டரும் அடுத்த கட்டிலுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. அடுத்து வரும் டாக்டருக்கு அது வேண்டும்.

நீதிபதி கேவனா இந்த ஜூலை மாதக் கடைசியில் கான்சாஸ் சிட்டியில் வேறொரு காரணம் சொன்னார். அவசரத்தில் எழுதிவிட்டால் பிறகு அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்று. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; அரைகுறையாக எழுதிய வரி பல வருடம் துரத்தும். ஆனால் 'இது இடைக்காலக் கருத்து, மாறலாம்' என்று ஒரு வரி போட்டுக் கீழ் நீதிபதிகள் தினமும் எழுதுகிறார்கள். மேலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தானா? உங்கள் ஜூன் உத்தரவுக்குப் பிறகு, ஜிபூட்டியில் அமெரிக்கத் தளத்தில் ஒரு கப்பல் கொள்கலனுக்குள் வாரக்கணக்கில் வைத்திருந்த எட்டுப் பேரை ஜூலை தொடக்கத்தில் தெற்கு சூடானுக்கு இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் அந்த நாட்டுக்காரர். கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் இறக்கிவிட்ட பிறகு உங்கள் இறுதித் தீர்ப்பு எப்படி வந்தால் அவர்களுக்கு என்ன?

நீதிபதி பாரெட் அவர்களுக்குத் தனியாக ஒன்று. 2022 ஏப்ரலில் ரீகன் நூலகத்தில் நீங்கள் பேசியதை நான் இரண்டு முறை கேட்டேன். நீதிமன்றம் அரசியல் செய்கிறது என்று முடிவுகட்டும் முன் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள் என்றீர்கள். நியாயமான பேச்சு. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் உங்களைத் திட்டியவர்களிடம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் என்ன சொல்லட்டும், எதைப் படிக்கச் சொல்லட்டும்?

இதைவிட வலிப்பது ஒன்று உண்டு. ஜூலை 23இல், இந்த இடைக்கால உத்தரவுகள் இறுதி முடிவு இல்லை என்றாலும், அதே மாதிரி வழக்குகளில் கீழ் நீதிமன்றங்கள் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். ஆகஸ்ட் 21இல் நீதிபதி கோர்சச், கீழ் நீதிபதிகள் உங்களோடு உடன்படாமல் போகலாம், மீறுவதற்கு மட்டும் உரிமையில்லை என்று கண்டித்து எழுதினார். மேலே இருப்பவர் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஏன் ஆட்டினார் என்று கீழே இருப்பவர் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் ஏச்சு. மாமியார் வீட்டில் இதைப் பட்ட பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என் சொந்தக் கதை. செப்டம்பர் 8இல் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் உத்தரவு போட்டீர்கள். தோற்றத்தில் தெரியும் இனம், ஸ்பானிஷோ உச்சரிப்போடு கூடிய ஆங்கிலமோ பேசுவது, பேருந்து நிறுத்தம், கார் கழுவும் இடம் போன்ற இடத்தில் நிற்பது, செய்யும் வேலை. இந்த நான்கை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக்கூடாது என்று மாவட்ட நீதிபதி சொல்லியிருந்தார். அதை நீங்கள் நிறுத்திவைத்தீர்கள். அதற்குச் சம்மதித்த ஆறு பேரில் நீதிபதி கேவனா ஒருவர் மட்டும் எழுதினார். இனம் மட்டுமே போதாது, ஆனால் மற்றவற்றோடு சேர்ந்தால் அதுவும் ஒரு காரணி, சட்டப்படி இருப்பவரைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று. எனக்கு அதில் ஒரு வரிகூட உடன்பாடில்லை. இருந்தாலும் எழுதியதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். மறுத்துப் பேச ஏதோ கிடைத்தது. மற்ற ஐந்து பேர் நினைத்ததும் அதுதானா, வேறா, எனக்குத் தெரியாது.

எனக்கு உச்சரிப்பு உண்டு. என் பிழைப்பே அந்த உச்சரிப்பில்தான். மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருத்தவள். வேலைக்குப் பேருந்தில் போகிறேன். செப்டம்பர் 9ஆம் தேதி காலையில் என் மகள், இந்த மண்ணில் பிறந்தவள், ஒன்றும் பேசாமல் என் கைப்பையில் என் பாஸ்போர்ட்டை வைத்தாள். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அது இப்போது பையில் இருக்கிறது. இந்த மூன்று காரணிகள் சேர்ந்தால் போதுமா, போதாதா? ஆறு பேரில் ஐந்து பேர் சொல்லவில்லை.

உங்களிலேயே இதை ஒப்புக்கொள்பவர் இருக்கிறார். நீதிபதி கேகன் இந்த ஜூலையில் கலிபோர்னியா மாநாட்டில், நாம் இன்னும் நன்றாக விளக்க வேண்டும் என்று சொன்னார். அதனால் நடக்காததைக் கேட்கிறேன் என்று நினைக்கவில்லை.

கேட்பது இவைதான். தலைமை நீதிபதி அவர்களே, 2009இல் கேமரூன் நாட்டு மனிதர் ஒருவரின் நாடுகடத்தல் வழக்கில் நீங்களே எழுதினீர்கள், தடை கேட்பவருக்கு அது உரிமையாகக் கிடைத்துவிடாது, நான்கு கேள்விகளைப் பார்க்க வேண்டும் என்று: கேட்பவர் இறுதியில் ஜெயிப்பாரா, தடை இல்லாவிட்டால் அவருக்கு ஈடுசெய்ய முடியாத கேடு வருமா, மற்றவர்களுக்கு என்ன நேரும், பொதுநலன் எந்தப் பக்கம். கீழ் நீதிமன்றத்தின் ஆணையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த நான்குக்கும் நாலு நாலு வரி எழுதுங்கள். மொத்தம் ஒரு பக்கம்கூட வராது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று பெயரோடு போடுங்கள். காரணம் எழுதாத உத்தரவைக் காட்டிக் கீழ் நீதிபதிகளைக் கண்டிப்பதை நிறுத்துங்கள். மனிதர்களை நாட்டைவிட்டு ஏற்றி அனுப்பும் விஷயங்களில், உத்தரவு நடைமுறைக்கு வர ஏழு நாளாவது கொடுங்கள். வக்கீல் தன் கட்சிக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கவும், அவர் பாஷை பேசும் ஒருவரைப் பிடிக்கவும் அவ்வளவு ஆகும். தமிழுக்கு எங்களைப் போல் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கடைசியாக, பழைய பாக்கி ஒன்று. அந்த அண்ணன் ஜனவரியில் ஆஜராக வேண்டும். அதற்குள் ஜூன் 23 உத்தரவுக்கு ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். அதை ஒரு சொல் விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர், அமெரிக்கக் குடிமகள்